பெருநாள் மகிழ்ச்சியைப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்குவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள். தொழுகை, குத்பா, முஸாஃபஹா, ஜமாஅத்தார் வீடுகள் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நாம் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தாடை உடுத்திய பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வயது மகள் மட்டும் எழுந்து வந்து, "வாப்பா, பெருநாள் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

அன்று காலையில்தான் மிம்பரில் நின்று, பெருநாள் என்பது அல்லாஹ் நமக்குத் தந்த மகிழ்ச்சி நாள் என்று பேசிவிட்டு வந்திருந்தோம். மகளுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. துணி எடுத்துக் கொடுத்தோம், பிரியாணிக்கு ஏற்பாடு செய்தோம், பெருநாள் காசும் கொடுத்தோம். கொடுக்காமல் விட்டது ஒன்றுதான்: நம்முடைய நேரம்.

இது நம் ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

மகிழ்ச்சிக்கும் சுன்னத் உண்டு

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாக வைத்திருந்தார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் உங்களுக்கு மாற்றித் தந்திருக்கிறான் என்று கூறி, ஹஜ்ஜுப் பெருநாளையும் நோன்புப் பெருநாளையும் அறிமுகப்படுத்தினார்கள் (நூல்: அபூதாவூத்). மகிழ்ச்சியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இருந்ததைவிடச் சிறந்ததைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் பள்ளித் தோழர்களின் பண்டிகைகளைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்று குறைபடும் பெற்றோர் முதலில் இதை யோசிக்க வேண்டும். நாம் எதைத் தடுத்தோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எதைக் கொடுத்தோம்?

ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் மறைத்தபடி நின்றார்கள். ஆயிஷா (ரலி) அவர்களே சலித்து விலகும்வரை நின்றார்கள் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). ஓர் உம்மத்தின் பொறுப்பைச் சுமந்த தலைவர், வீட்டாருக்குப் போதும் என்று தோன்றும்வரை காத்து நின்றிருக்கிறார்கள். "வேலை இருக்கிறது" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கைவேலையும் நபித்தோழியர் வீடுகளில் இருந்தது

ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் ஆஷூரா நோன்பைப் பற்றி அறிவிக்கும் ஒரு செய்தி புகாரியில் இருக்கிறது. சிறு பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வார்கள். அவர்களுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருப்பார்கள். பசியால் பிள்ளை அழுதால், நோன்பு திறக்கும் நேரம் வரும்வரை அதைக் கையில் கொடுப்பார்கள். பிள்ளையை வணக்கத்தோடு பழக்க, அந்தத் தாய்மார்கள் தங்கள் கைகளாலேயே பொம்மை செய்தார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணித் துண்டுகளால் ஆன இறக்கை வைத்த ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாமே என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள் (நூல்: அபூதாவூத்). வீட்டில் மிஞ்சிய துணி, ஒரு பிள்ளையின் கற்பனை, அதைக் கேட்டுச் சிரிக்க ஒரு பெரியவர். இவ்வளவு இருந்தால் போதும்.

நம் வீட்டில் செய்து பார்த்தவை

மகளின் அந்தக் கேள்விக்குப் பிறகு, ரமளானின் கடைசி வாரத்தில் அஸருக்குப் பின் அரை மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினோம். இரவு வணக்கங்களுக்கு அதனால் எந்தக் குறைவும் வரவில்லை. பசி நேரத்தில் பிள்ளைகளுக்கு அது நல்ல துணையாகவும் இருந்தது.

முதலில் எட்டு முனை நட்சத்திரம். மதீனா அச்சு முஸ்ஹஃபில் ஓதும் பிள்ளைகளுக்கு இது பழக்கமான வடிவம்தான். ஹிஸ்பின் கால் பாகங்களைக் காட்ட அதில் இந்தக் குறி போடப்பட்டிருக்கும். காம்பஸால் ஒரு வட்டம் வரையுங்கள். நடுவே கூட்டல் குறிபோல் இரண்டு கோடுகள் போட்டால், அவை வட்டத்தைத் தொடும் நான்கு இடங்களை இணைத்து ஒரு சதுரம் கிடைக்கும். அந்தக் கோடுகளுக்குச் சரிநடுவே இன்னும் இரண்டு கோடுகள் போட்டு, அதே வகையில் இரண்டாவது சதுரத்தை வரைந்தால் நட்சத்திரம் வந்துவிடும். அட்டையில் வெட்டி, பின்னால் வண்ணக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, மின்விளக்கின் முன்னால் தொங்கவிட்டால் சுவர் முழுவதும் நிறம் விழும். எகிப்து மக்கள் ரமளானில் ஃபானூஸ் என்னும் வண்ண விளக்குகளைத் தொங்கவிடுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம்.

அடுத்தது பாய் முடைதல். நெல்லை மாவட்டம் பத்தமடையின் கோரைப் பாய் உலகறிந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாக நெய்துவருபவர்கள் நம் லெப்பைக் குடும்பங்கள். நூல் பாவாக நிற்க, கோரை ஊடையாக ஓடும். அதே முறையில் இரண்டு நிறக் காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்தால் சிறிய விரிப்பு கிடைக்கும். பெருநாள் காலை பேரீச்சம்பழத் தட்டின் கீழே அதை விரிக்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கலை நம் சமுதாயத்தின் கைவண்ணம் என்று தெரியும்?

மூன்றாவது பெருநாள் வாழ்த்து அட்டை. நம் சிறு வயதில் தபால்காரர் கொண்டுவந்த அட்டைகளை அலமாரிக் கண்ணாடியில் செருகிவைப்போம். இன்று ஒரே படத்தை ஐம்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் ஐந்து அட்டை எழுதட்டும். வீட்டில் அரபுத் தமிழ் தெரிந்த உம்மம்மா இருந்தால் அவரிடம் உட்கார வையுங்கள். அரபி எழுத்துகளில் சிலவற்றுக்குப் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் தமிழை எழுதிய விதத்தை அவர் காட்டுவார். தம் பெயரை அப்படி எழுதிப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள்.

பிறையும் ஃபித்ராவும்

இருபத்தொன்பதாம் நாள் மாலை குடும்பத்தோடு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். சூரியன் மறைந்த திசையில், அடிவானத்துக்குச் சற்று மேலே, மெல்லிய கோடாகத்தான் பிறை இருக்கும். ஒளிர்ந்த பக்கம் சூரியன் மறைந்த பக்கத்தைப் பார்த்திருக்கும். சிறிது நேரத்தில் மறைந்தும்விடும். தென்படாவிட்டால் ஜமாஅத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். தேடிய அனுபவம் பிள்ளைகளிடம் தங்கிவிடும்.

ஃபித்ராவையும் பிள்ளைகள் கையால் அளக்கச் செய்யுங்கள். ஆளுக்குச் சுமார் 2.5 கிலோ அரிசி என்றால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 12.5 கிலோ. பால்குடிக் குழந்தைக்கும் ஏன் கொடுக்கிறோம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் மார்க்கக் கல்வி தொடங்குகிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே அது உரியவர்களைச் சென்றடைய வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது பெறுபவரின் கண்ணியம் குறையாமல் நடந்துகொள்ளவும் கற்றுக்கொடுங்கள். படம் எடுப்பது கூடாது. ஓர் ஏழை வீட்டில் அடுப்பு எரியாமல் நம் வீட்டு விளக்கு அழகாக எரிந்து என்ன பயன்?

பெருநாள் பயணம்

தொழுகைக்கு ஒரு வழியில் சென்று மறு வழியில் திரும்புவது நபிவழி (நூல்: புகாரி). இதையே பிள்ளைகளுக்கு முதல் உலாவாக ஆக்கலாம். தக்பீர் சொல்லிக்கொண்டு நடந்து போகட்டும். திரும்பும் வழியில் எந்தெந்த உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்று முந்தின இரவே அவர்கள் வரைபடம் போட்டுவைக்கட்டும்.

மாலை உலா என்றால் இடத்தையும் பருவத்தையும் பார்க்க வேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. அதனால் பெருநாள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் ஜூனில் வந்தபோது குற்றாலச் சாரல் கிடைத்தது. நோன்புப் பெருநாள் மார்ச்சில் வந்தால் அங்கே பாறைதான் இருக்கும். அப்போது மாலைக் கடற்கரையே நல்லது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடுவது அழகான வழக்கம். கடலில் இறங்கும் பிள்ளைகள் மேல் கண் இருக்கட்டும். அஸரும் மஃரிபும் தவறாமல் இருக்கட்டும். போட்ட குப்பையை எடுத்துக்கொண்டு வருவோம். ஒரே பைக்கில் மூவராகப் பறக்கும் இளைஞர்களின் பெற்றோர் கொஞ்சம் யோசிக்கட்டும். பெருநாள் இரவில் ஜனாஸா செய்தி கேட்ட வீடுகளுக்கு நாம் போய் வந்திருக்கிறோம்.

பெண்களையும் மறந்துவிடக் கூடாது. மாதவிடாய்ப் பெண்களும்கூடத் தொழுமிடத்தைவிட்டு ஒதுங்கி நின்று, நன்மையிலும் துஆவிலும் கலந்துகொள்ளப் பெருநாள் திடலுக்கு வருமாறு பணிக்கப்பட்டார்கள் என்று உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). ஊருக்கு ஊர் நடைமுறை வேறுபடலாம். ஆனால் யாரும் விடுபடக் கூடாது என்ற நோக்கம் எல்லோருக்கும் பொதுவானது. நம் வீட்டில் இப்போது வட்டிலப்பம் முந்தின இரவே அவிந்துவிடும். வெங்காயம் உரிப்பது பையன்களின் வேலை. பகல் சமையல் ஒரே சட்டியோடு முடிந்துவிடுகிறது.

இதெல்லாம் பித்அத் ஆகாதா?

சில சகோதரர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வணக்க வழிபாடுகளில் ஆதாரமில்லாத எதையும் சேர்க்கக் கூடாது. ஆனால் வீட்டை அலங்கரிப்பது, அட்டை எழுதுவது, உலா போவது ஆகியவை வழக்கங்கள். வழக்கத்தில் மார்க்கம் தடுக்காதவை ஆகுமானவை. நட்சத்திரம் ஒட்டினால் தனி நன்மை என்று நம்பினால்தான் தவறு. கடன் வாங்கி ஆடம்பரம் செய்வதும், பிற மத வழிபாட்டுச் சின்னங்களைக் கொண்டுவருவதும், தொழுகையை விடுவதும் கூடாது. இந்த எல்லைக்குள் இடம் தாராளமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் விடாமல் செய்யுங்கள். அதுவே குடும்ப வழக்கமாகிவிடும். நாளை வெளிநாட்டில் தனி அறையில் பெருநாள் கொண்டாடும் மகனுக்கு, நீங்கள் எடுத்துக்கொடுத்த சட்டையின் நிறம் நினைவிருக்காது. உங்களோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டிய விளக்கு நினைவிருக்கும்.

இப்போது நம் வீட்டில் குத்பா முடிந்ததும் நாம் நேராக வீட்டுக்கு வருகிறோம். ஜமாஅத்தார் வீடுகளுக்கு மாலையில் பிள்ளைகளோடு சேர்ந்து போகிறோம். அன்று கேள்வி கேட்ட மகள்தான் எந்த வழியாகத் திரும்புவது என்று தீர்மானிக்கிறாள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் ஹலாலான மகிழ்ச்சியை நிறைப்பானாக. நம் பிள்ளைகளின் உள்ளங்களில் மார்க்கத்தை இனிமையானதாக ஆக்குவானாக. ஆமீன்.