கட்டுமானத் தொழிலில் தொழில் பழகுதலும் கூலியும்

கட்டுமானத் தொழிலில் தொழில் பழகுதல் என்பது, புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் தேர்ந்த கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், குழாய்ப் பணியாளர் ஆகியோரிடம் உடனிருந்து வேலை செய்து, கூலியும் பெற்றுக்கொண்டே தொழிலைக் கற்பதாகும். இது உலகில் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் வழி. மற்றொன்று, சங்கத்தின் தொடர்பின்றி ஒப்பந்ததாரரோ மேஸ்திரியோ நேரடியாகப் பழக்கும் வழி. தமிழ்நாட்டில் சங்கம் உண்டு; சட்டமும் உண்டு. ஆயினும் தொழில் பழகுவது பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான். இதற்கான காரணத்தையும், இதனால் கற்பவரின் கூலிக்கு நேர்வதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கையாள் முதல் கொத்தனார் வரை

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பகுதிகளில் கட்டட வேலைக்குப் புதிதாக வருபவர் கையாளாகச் சேர்கிறார். பெண்ணானால் சித்தாள். கார், பிசானம் ஆகிய இரு நெற்பருவங்களுக்கும் இடையில் வயல் வேலை குறையும்போது பலர் இப்படிக் கட்டட வேலைக்கு வந்து, அதிலேயே நிலைத்துவிடுகிறார்கள். முதலில் மணல் சலிப்பது, கலவை குழைப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது. பிறகு ஒருநாள் கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரண்டியைத் தொட்டுப் பார்ப்பது. அடுத்து, வெளியில் தெரியாத சுவரில் பூச்சு. தூக்குக்குண்டும் ரசமட்டமும் கைக்குப் பழகி, மூலை எடுக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கொத்தனார் ஆகிவிட்டார்.

இதற்குக் கால அளவு கிடையாது. இரண்டு ஆண்டில் கரண்டி பிடித்தவரும் உண்டு, பத்து ஆண்டு சட்டி சுமந்தவரும் உண்டு. தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. மேஸ்திரி "நாளை முதல் நீ கொத்தனார்" என்று சொல்வதே பட்டமளிப்பு. அந்தச் சொல் மேஸ்திரியின் கையில் இருக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கையாளாக வைத்திருக்கும்வரை குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதால், அதைத் தள்ளிப் போடுவதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

தென் மாவட்டங்களில் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் கூடிக் கூலி உயர்வை அறிவித்து நோட்டீஸ் ஒட்டுவது வழக்கம். கொத்தனாருக்கு இவ்வளவு, கையாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று அதில் இருக்கும். வீடு கட்டுவோரும் பெரும்பாலும் அதை ஒட்டியே கொடுக்கிறார்கள். ஆனால் கையாள் எத்தனை நாளில் கொத்தனார் கூலிக்கு உரியவர் ஆவார் என்பது அந்த நோட்டீஸில் இருப்பதில்லை. சங்கம் படிகளுக்கு விலை சொல்கிறது. படியேறும் வழியைச் சொல்வதில்லை.

அமெரிக்க நடைமுறை

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க முறை உதவும். அங்கே 1937ஆம் ஆண்டின் தேசியத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பயிற்சித் திட்டங்கள் பதிவாகின்றன. சங்க வழியில், சங்கமும் ஒப்பந்ததாரர்களும் சம அளவில் அமரும் கூட்டுக் குழு ஒன்று பயிற்சியை நடத்துகிறது. ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் முதலாளி செலுத்தும் ஒரு சிறு தொகையே பயிற்சிக் கூடத்தின் செலவுக்குப் போகிறது. பழகுநர் ஏறத்தாழ முழுத் தொழிலாளியின் பாதிக் கூலியில் தொடங்குகிறார். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக முழுக் கூலிக்கு வருகிறார். எந்தப் படியில் எத்தனை விழுக்காடு என்பது சேரும் நாளிலேயே தாளில் எழுதப்பட்டிருக்கும்.

சங்கம் சாராத ஒப்பந்ததாரர்களும் அங்கே பதிவு பெற்ற பயிற்சி நடத்துகிறார்கள். அவர்களும் கூலி உயர்வு அட்டவணை வைத்தாக வேண்டும். ஆனால் அதன் உச்சியில் இருக்கும் முழுக் கூலியை நிர்ணயிப்பது சங்க ஒப்பந்தம் அல்ல, நிறுவனமே. மேலும் 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி, மத்திய அரசுக் கட்டட வேலைகளில் பதிவு பெற்ற பழகுநருக்கு மட்டுமே குறைந்த கூலி கொடுக்கலாம். பதிவில்லாதவருக்கு, அவர் செய்யும் வேலைக்குரிய முழுக் கூலியைக் கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காமல் "கற்பவர்" என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைக்க முடியாது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டுச் சங்கங்கள் பெற்றுத் தந்தவை

நம் சங்கங்கள் சும்மா இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. தாமிரபரணிக் கரை மக்களுக்குச் சங்கம் புதிதல்ல. 1880களில் ஆற்று நீரின் விசையை நம்பித் தொடங்கிய விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை ஊருக்கே சோறு போட்டது. ஆலைத் தொழிலாளிக்கு ஒரே வாசல், ஒரே முதலாளி. ஒப்பந்தம் பேச எதிரே ஆள் இருந்தது. கொத்தனாருக்கோ இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் வேறு வீடு. யாரோடு ஒப்பந்தம் போடுவது?

ஆகவே சங்கங்கள் அரசை நோக்கித் திரும்பின. 1979இல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரசாரக் குழு அமைந்தது. 1994இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், 1996இல் நாடு முழுமைக்குமான கட்டடத் தொழிலாளர் சட்டமும் வந்தன. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நல நிதிக்குப் போகிறது. 50 லட்ச ரூபாய்க் கட்டடம் என்றால் 50,000 ரூபாய். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இதிலிருந்து உதவி கிடைக்கிறது. இது பெரிய சாதனைதான்.

ஆனால் இந்த வெற்றிக்குப் பிறகு, பதிவு, புதுப்பித்தல், உதவித்தொகை மனு ஆகியவையே சங்க அலுவலகங்களின் அன்றாட வேலையாகிவிட்டன. தொழில் கற்பிப்பது சங்கத்தின் வேலையாகவில்லை. வாரியத்தில் பதிய 18 வயது நிரம்ப வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்று பதினாறு வயதில் சாரம் ஏறும் பையனுக்கு அட்டை கிடையாது. சட்டப்படி விபத்துக்கு ஈடு கேட்கலாம் என்றாலும், முதலாளி யார் என்று நிறுவுவதே பெரும்பாடு.

சட்டப்படியான பழகுநர் பயிற்சி

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இந்தியா முழுமைக்கும் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரியிடம் அத்தனை பேர் இருப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்த விதிகளின்படி பத்தாம் வகுப்பு முடித்த பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு கூடும். மாதம் 26 வேலை நாள் என்று கணக்கிட்டால் 6,000 ரூபாய் என்பது நாளொன்றுக்குச் சுமார் 230 ரூபாய்.

ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி, 2022-23இல் தமிழ்நாட்டுக் கிராமப்புற ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி சுமார் 500 ரூபாய். செங்கோட்டை தாண்டினால் கேரளத்தில் சுமார் 850 ரூபாய். கணக்குப் பாடத்தில் தோற்ற பையனுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பேட்டை அரசு ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தாலும், வீட்டில் கடன் இருந்தால் அவன் கேரளப் பேருந்தில்தான் ஏறுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சட்டத்தின் பார்வையில் பழகுநர் என்பவர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். அதனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவருக்குத் துணை வராது.

சித்தாளின் நிலை

வாய்மொழிப் பழக்கத்தில் மிகவும் இழப்பவர் பெண்தான். கையாளாக வந்த ஆண் இன்றில்லாவிட்டாலும் என்றாவது கொத்தனார் ஆவார். சித்தாளாக வந்த பெண் முப்பது ஆண்டு கழித்தும் சித்தாள்தான். கலவையின் பதத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்தவர். ஆனால் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. வேலையின் பெயரே கையாள், சித்தாள் என்று பிரிந்திருக்க, அந்தச் சட்டம் சாரத்தின் அடியிலேயே நின்றுவிட்டது.

இதை மாற்ற முடியும் என்பதற்கு அகமதாபாத்தில் சான்று உண்டு. பெண் தொழிலாளர் சங்கமான சேவா, 2003இல் கட்டுமானப் பெண்களுக்கென்றே கர்மிகா என்ற பள்ளியைத் தொடங்கியது. சுமை தூக்கிய பெண்களுக்குக் கொத்து வேலை, பூச்சு, ஓடு பதித்தல், வண்ணம் அடித்தல் ஆகியவற்றை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கற்பித்தலைச் சங்கமே கையில் எடுத்துக்கொண்டது. நம் மாவட்டத்துச் சங்கக் கூலி நோட்டீஸில் "பெண் கொத்தனார்" என்றொரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.