பெரகலப் பாறையும் உயிர்ச்சுவடும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் பிரியும் சந்தி பெரகல. சாலைக்காக வெட்டிய சரிவுகளிற் பாறை வரிவரியாய்த் தோன்றும். பாடநூலில் உயிர்ச்சுவட்டின் படத்தைக் கண்ட தோட்டப் பாடசாலை மாணவன் ஒருவன், அவ்வரிகளைப் படைகள் எனக் கொண்டு சுத்தியலோடு புறப்படுவது இயல்பே. ஆயின், எத்துணைக் கல்லை உடைப்பினும் ஓர் இலைத்தடமேனும் அவனுக்குக் கிட்டாது. ஏன் கிட்டாது என்பதை விளக்காமல் அயல்நாட்டு விலங்கின் படத்தைக் காட்டி அமைவோமாயின், அக்கல்வி அரைக்கல்வியே.

இறந்த உயிர் சேற்றிலோ மணலிலோ விரைவிற் புதையுண்டு, அச்சேறு கல்லாய் இறுகும்போது அமைவதே உயிர்ச்சுவடு. ஊவா மலைப் பாறைகளோ உருமாறியவை. அவற்றுட் சில ஒருகாலத்திற் படிந்த மணலும் களியும் சுண்ணாம்புமே. அவை படிந்த காலத்தில் இலையுடைய செடிகளோ ஓடுடைய உயிர்களோ உலகில் தோன்றவில்லை. பின்னர், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தாலும் பேரமுக்கத்தாலும் அவை பழைய உருவிழந்தன.

இதனை வகுப்பறையிற் கைப்படச் செய்து காணலாம். பிசைந்த களியைத் தட்டையாக்கி, அதன்மேல் முற்றிய தேயிலையின் அடிப்பக்கம் படியுமாறு அழுத்தி எடுத்தால், நரம்புகள் யாவும் பதிந்திருக்கும். பன்ன இலையும் நத்தையோடும் இன்னும் நன்று. இப்பதிவே அச்சு. இரு பங்கு பரிசுச்சாந்தை ஒரு பங்கு நீரிற் குழைத்து அதனுள் வார்த்தால் அரைமணி நேரத்துள் இறுகும். இறுகுகையில் அது சூடாவதையும் மாணவர் தொட்டறியலாம். பெயர்த்தெடுத்தது வார்ப்பு. இனி, மற்றொரு களித்தட்டை எடுத்து, பதிந்த இலையோடு முறுக்கிப் பிசையச் செய்க. களி குறையவில்லை, இலைத்தடம் எங்கே? பெரகலப் பாறையின் கதை இதுவே.

எனினும் இலங்கை உயிர்ச்சுவடற்ற நாடன்று. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசின் காலக் கடலிற் படிந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவையில் யுராசிக்குக் காலத்து இலைத்தடங்கள் உள. பெரகலையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே இறங்கினால், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் கூழாங்கற் படை, பாறையாகாத அண்மைக்கால ஆற்றுப்படிவு. நீர்யானை, காண்டாமிருகம் முதலிய, இன்று இத்தீவில் இல்லாத விலங்குகளின் எலும்புகளும் பற்களும் அதிலிருந்தே கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த பி. இ. பி. தெரணியகல, 1939-ஆம் ஆண்டில் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டதும் பற்களைக் கொண்டே.

ஆகவே, ஆட்டின் கடைவாய்ப் பல்லொன்றும் நாயின் பல்லொன்றும் கிடைப்பின், அவற்றையும் களியிற் பதித்து வார்த்து, உரிய விலங்கின் பெயரைச் சொல்லாமல் மாணவர் கையிற் கொடுக்கலாம். எது புல்லை அரைத்தது, எது தசையை அறுத்தது என்பதை அவர்களே கூறிவிடுவர்.