ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவும் கையடக்க லென்ஸும்

மலர்க்குழு நண்பர் போன் பண்ணி, "இந்த வருஷம் இலக்கியக் கட்டுரை நிறைய வந்துடுத்து சார், நீங்க உங்க காமிராவைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். சங்க விழாக்களில் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பவன் என்ற அளவில்தான் என்னைப் பலருக்குத் தெரியும். "ஏன் சார், ஆட்டோஃபோகஸ் கூட இல்லாத காமிராவுக்கா இத்தனை விலை?" என்று கேட்காதவர்களும் குறைவு. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அப்படி ஒரு காமிராவை வாங்கிவிட்டவர்களுக்கும், அப்பாவோ மாமாவோ விட்டுப்போன பழைய லென்ஸை அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கும் லென்ஸ் விஷயம்தான் உண்மையான தலைவலி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்று. என் அப்பாவின் சதாபிஷேகத்துக்கென்றே எஃப் 1.1 துவாரம் உள்ள ஒரு பெரிய 50 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். இருட்டு மண்டபத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்ற ஆசை. சல்லடை பிடித்துத் தம்பதிகளுக்கு அபிஷேகம் நடக்கும்போது, முன்னால் வலது ஓரமாக நாற்காலியில் அப்பாவின் அக்கா உட்கார்ந்திருந்தாள். கும்பகோணத்திலிருந்து ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வந்தவள், எண்பத்தாறு வயசு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், பதினாலு படங்களிலும் அத்தை முகத்தை யாரோ பிடித்திருந்த வெள்ளிக் குடம் மறைத்துக்கொண்டிருக்கிறது. எடுக்கும்போது எனக்கு ஏன் தெரியவில்லை? அந்த மூலையையே நான் பார்க்கவில்லை. லென்ஸ் மறைத்துக்கொண்டிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அத்தை இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, காமிராவின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரண எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. காமிராவின் மேல் இடது மூலையில் தனியாக ஒரு ஜன்னல், அதன் வழியே பார்க்கிறோம். சற்றுத் தள்ளி இன்னொரு குட்டி ஜன்னல் இருக்கிறது. அதிலிருந்து வரும் பிம்பம் நடுவில் மங்கலாக இரட்டையாய்த் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும்போது ஃபோகஸ் சரி. லென்ஸ், ஜன்னலுக்குக் கீழே வலப்பக்கம் இருப்பதால், தடித்த லென்ஸும் அதன் மேல் ஹூடும் பார்வையின் வலது கீழ் மூலையில் யானை மாதிரி வந்து நிற்கும். படத்தில் அது வராது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே இந்தக் காமிராவில் சின்ன லென்ஸ் என்பது சுமக்கிற சௌகரியம் மட்டும் இல்லை, பார்க்கிற சௌகரியம்.

அதிர்ஷ்டவசமாக, சின்ன லென்ஸ் செய்வதும் இதில்தான் சுலபம். எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட்டில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. லைக்கா எம் மவுண்ட்டில் 27.8 மி.மீ. தான். கண்ணாடி இல்லை, மோட்டார் இல்லை. அதனால் 28 மி.மீ. எல்மாரிட் ஏஎஸ்பிஎச் (2006) வெறும் 180 கிராமில் வந்தது, நீளம் 30 மி.மீ. வாய்க்ட்லாண்டர் பெயரில் ஜப்பானின் கொசினா செய்த 35 மி.மீ. எஃப் 2.5 கலர்-ஸ்கோபார் இன்னும் தட்டை, 134 கிராம். ஒப்பிட, லைக்காவின் எஃப் 0.95 நாக்டிலக்ஸ் 700 கிராம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண பந்தியில் சுற்றினால், சாப்பாட்டுக்கு முன்னாலேயே கழுத்து வலி வந்துவிடும்.

சின்னக் காமிராவும் 50 மி.மீ. லென்ஸுமாக உலகைச் சுற்றியவர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸான். 1948இல் காந்திஜியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தவர். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி சமாதியான நாளில் திருவண்ணாமலை ஆசிரமத்திலும் இருந்தார். அந்த மாதிரி இடங்களில் பெரிய சாமான்களை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஃபிலிம் காலத்தில் சின்ன லென்ஸ் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிஜிட்டல் வந்ததும் புதுச் சிக்கல். சென்ஸாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கிணறு மாதிரி. உச்சி வெயில் நேரே தண்ணீரைத் தொடும், சாய்ந்த வெயில் சுவரிலேயே நின்றுவிடும். சின்ன வைட்-ஆங்கிள் லென்ஸ்களின் பின் கண்ணாடி சென்ஸாருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஓரங்களுக்கு ஒளி ரொம்பச் சாய்வாகப் போகும். விளைவு, மூலைகள் இருட்டாகும், சில சமயம் ரோஜா நிறமும் ஏறும். இதைச் சமாளிக்கத்தான் சென்ஸாரின் ஓரங்களில் நுண் லென்ஸ்களை நகர்த்தி வைத்தார்கள், லென்ஸின் விளிம்பில் ஆறு புள்ளிக் குறியீடு போட்டு, எந்த லென்ஸ் என்று காமிராவுக்குச் சொல்லித் திருத்த வைத்தார்கள். வாய்க்ட்லாண்டர் 15 மி.மீ. ஹெலியார் நல்ல உதாரணம். முதல் இரண்டு வடிவங்கள் பட்டன் மாதிரி சின்னவை, டிஜிட்டலில் ஓரம் நிறம் மாறும். 2015இல் மூன்றாவது வடிவம் வந்தது. நிறக்கோளாறு பெரும்பாலும் போயிற்று, கூடவே சின்ன உருவமும் போயிற்று. ஆக, 28 மி.மீ.க்குக் கீழே போகிறவர்கள் மட்டும் ரொம்பக் குட்டியைத் தேடாதீர்கள். 35, 50 என்றால் இந்தக் கவலை அநேகமாக இல்லை.

இதே சின்ன லென்ஸை அடாப்டர் போட்டு வேறு கம்பெனி மிரர்லெஸ் காமிராவில் மாட்டலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் அவற்றின் சென்ஸார் மேல் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தடிமன் அதிகம், வைட் லென்ஸின் ஓரங்கள் கரைந்த மாதிரி தெரியும். லைக்கா எம்8இல் அந்தக் கண்ணாடி 0.5 மி.மீ. தான். மெல்லிசாக வைத்ததற்கு வேறு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அகச்சிவப்பு ஒளி உள்ளே புகுந்து, கறுப்பு பாலியஸ்டர் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது! அதனால் எம்8 வாங்குகிறவர்கள் ஒவ்வொரு லென்ஸுக்கும் யுவி-ஐஆர் ஃபில்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். இரண்டு மூன்று லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு ஒன்றாகவே, உதாரணமாக 39 மி.மீ. என்று, பார்த்து வாங்கினால் செலவு மிச்சம்.

காமிராவைப் பொறுத்து எண்ணிக்கையும் மாறும். முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எப்ஸன் ஆர்-டி1 (2004) சென்ஸார் சின்னது. அதில் 35 மி.மீ. லென்ஸ் 53 மாதிரி, 28 கிட்டத்தட்ட 43 மாதிரி நடந்துகொள்ளும். எம்8இல் (2006) 35 என்பது 47, 28 என்பது 37. எம்9 (2009) முதல் முழு அளவு சென்ஸார், கணக்கே வேண்டாம். எனவே பழைய ஆர்-டி1, எம்8 கிடைத்தவர்களுக்கு என் சிபாரிசு 28. எம்9க்குப் பிறகு வந்தவற்றுக்கு 35. முழு அளவு எம் காமிராக்களில் 28க்கான சட்டக்கோடு ஜன்னலின் விளிம்பில் இருக்கும். என்னைப் போல மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் நாலு பக்கமும் ஒரே பார்வையில் தெரியாது, கண்ணை உருட்ட வேண்டும்.

"துவாரம் எவ்வளவு வேணும்? 2.8 போதுமா?" இதற்கும் பதில் காமிராவில்தான் இருக்கிறது. எம்8இல் ஐஎஸ்ஓ 640க்கு மேலே போனால் பொரி பொரியாக வரும், அதனால் எஃப் 2 உள்ள லென்ஸ் நல்லது. 35 மி.மீ. சம்மிக்ரான் ஏஎஸ்பிஎச் 255 கிராம், அதுவும் சின்னதுதான். எம்10 (2017), எம்11 (2022) போன்றவற்றில் ஐஎஸ்ஓவை ஏற்றிவிடலாம். அங்கே எஃப் 2.8 போதும். எஃப் 1.4க்குச் செலவழிக்கும் பணத்தில் ஊருக்கு இரண்டு தடவை போய்வரலாம்.

சின்னதாகவும் வேகமாகவும் இருக்கும் சில லென்ஸ்களில் இன்னொரு குணம் உண்டு. துவாரத்தைக் குறைக்கும்போது ஃபோகஸ் பின்னால் நகரும். 2006இல் வந்த ஸைஸ் 50 மி.மீ. எஃப் 1.5 சி-ஸொன்னார் இதற்குப் பேர்போனது, வாய்க்ட்லாண்டர் 35 மி.மீ. எஃப் 1.4 நாக்டனும் அப்படியே. ஃபிலிமில் யாரும் கவனிக்கவில்லை. டிஜிட்டலில் பெரிதுபடுத்திப் பார்க்கிறோமே, கண் மங்கி காது மடல் ஷார்ப்பாக இருக்கும். காமிரா கோளாறு என்று ரிப்பேருக்கு அனுப்பி அலையாதீர்கள். லென்ஸின் சுபாவம் அது.

உள்ளே மடங்கும் லென்ஸ்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய எல்மார், பழைய 50 சம்மிக்ரான் சிலவற்றைக் குழாய் மாதிரி உள்ளே தள்ளிவிடலாம், பாக்கெட்டில் போகும். டிஜிட்டல் காமிராவில் அப்படித் தள்ளினால் உள்ளே இடித்துச் சேதம் வரலாம். காமிராவின் கையேட்டைப் பார்க்காமல் தள்ளவே கூடாது. சந்தேகமென்றால் நீட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மடங்கும் லென்ஸ் வாங்கி என்ன பிரயோஜனம் என்பீர்கள். அதனால்தான் நான் வாங்கவில்லை.

பழைய லென்ஸ் வாங்குவதென்றால் தில்லியில் சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி, மும்பையில் ஃபோர்ட் பக்கம் போரா பஜார். போகும்போது சின்ன டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. கடைக்காரர் "குச் நஹீ சாப், ஸிர்ஃப் தூல் ஹை" என்பார். தூசு புள்ளியாக இருக்கும், வேர் விடாது. சென்னை, மும்பை, கல்கத்தா வீடுகளில் தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது சர்வசாதாரணம், ஏனென்றால் தோல் ஈரத்தை விடாது. லேசான பூஞ்சையைத் துடைக்கலாம். பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. புகை படர்ந்த மாதிரி இருந்தால் எதிர்வெளிச்சப் படங்கள் வெளுத்துவிடும். சின்னக் கீறல் ஒன்றிரண்டுக்குப் பயப்பட வேண்டாம், விலையைப் பேசிக் குறைக்க உதவும்.

அப்புறம் ஃபோகஸ் சோதனை. செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு வரியைக் குறிவைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்து எடுங்கள். அதே வரி தெளிவாக வருகிறதா? பிறகு தெருக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கோபுரம் ஏதாவது. கிட்டே சரி, தூரத்தில் தப்பு என்றால் வேறு லென்ஸ் கேளுங்கள்.

இப்போது நான் எடுத்துப் போவது ஒரே ஒரு 35 மி.மீ., எஃப் 2.8. விழாக்களில் எஃப் 8 வைத்து, தூரத்தை 2.5 மீட்டரில் நிறுத்திவிடுவேன். சுமார் 1.7 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை ஓரளவு தெளிவாக வரும். இது ஃபிலிம் காலத்துக் கணக்கு, பெரிய பிரின்ட் போட வேண்டுமானால் இன்னும் குறுக்கிக்கொள்ள வேண்டும். பெரிய லென்ஸை விற்றுவிட்டேன், வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான். இந்த 35ஐ சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். கோடை பிறந்ததும் ஜெல்லை வெயிலில் காய வைக்கச் சொல்லி என் மனைவிதான் ஞாபகப்படுத்துவாள், வடாம் பிழியும்போதே அதுவும் மொட்டைமாடிக்குப் போகும்.