பிபிலைத் தோடை ஏன் மழைக்குப் பூக்கிறது?

மொனராகலை மாவட்டத்துப் பிபிலை, தோடம்பழத்துக்குப் பேர்போனது. வறட்சியில் இலை சுருண்டு நின்ற மரம், மழை விழுந்ததும் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். ஏன்? ஸ்பெயின் போன்ற நாடுகளில் குளிர் செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கிறது. தண்ணீர் குறைந்தால் துளிர்ப்பது நிற்கும். மொட்டுக்கான தூண்டல் உண்டாகும். மழை வந்ததும் மொட்டு விரியும்.

பழுத்த பின்னும் தோல் பச்சையாக இருந்தால் யோசிக்க வேண்டாம். குளிர் போதாததால் பச்சையம் முழுதாகச் சிதைவதில்லை, இனிப்புக்குக் குறைவில்லை.

காணியில் வேம்பு, பலா நின்றால் வெட்டிவிடாதீர்கள். கடும் வெயிலையும் காற்றையும் அவை தடுக்கும். ஆனால் தோடைக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அவற்றின் தாழ்ந்த கிளைகளைக் கவ்வாத்து வெட்டுங்கள். உதிர்ந்த சருகை எரிக்காமல் தோடையடியில் பரப்புங்கள், ஈரம் நிற்கும். தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும்.