உங்களுக்குத் தெரியுமா? எழும்பூரில் ஆடும் ஆலங்காட்டான்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரக்கோணம் ரயில் ஏறினால், திருவள்ளூர் தாண்டி வரும் ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பாடிய தலம். நடராசரின் ஐந்து சபைகளுள் ரத்தின சபை.

● இவ்வூரில் கிடைத்த சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி, 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று.

● ஆலங்காட்டுக் கோயிலில் காலை உச்சிக்குத் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம். அருங்காட்சியகச் சிலையிலோ இடது காலைக் குறுக்கே வீசிய ஆனந்த தாண்டவம். சுற்றிலும் சுடர்விடும் திருவாசி இதில் இல்லை. அதனாலேயே வளைந்த இடையும் வீசிய கரமும் தடையின்றிக் கண்ணில் படுகின்றன.

● பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இதன் புகைப்படங்களைப் பார்த்தே சொக்கிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தது 1917-இல். கட்டுரை அச்சேறியது 1921-இல்.

● சோழ மன்னன் முதலாம் ராசேந்திரன் பழையனூர் என்னும் ஊரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையளித்ததைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் மொத்தம் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் சோழரின் புலியோடு பாண்டியரின் மீன்களும் சேரரின் வில்லும் உண்டு!