மிச்சப் பாகங்களில் ஒரு டாங்கி

பிளாஸ்டிக் மாதிரி டாங்கி ஒன்றைப் பெட்டியோடு வாங்கிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? டாங்கி முழுதாக மேசைமேல் நிற்கும். ஆனாலும் பெட்டிக்குள் பாகங்கள் மிச்சம் கிடக்கும். இரண்டு சக்கரம், ஒரு மேல்மூடி, பயன்படாத ஒரு குழல், எதற்கென்றே தெரியாத நாலைந்து கொக்கிகள். எதையோ ஒட்டாமல் விட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். ஓர் எஃகு அச்சைச் செதுக்க நிறையச் செலவாகும். அதனால் ஒரே டாங்கியின் மூன்று நான்கு வகைகளுக்கும் பொதுவாக ஒரே அச்சைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வகைக்குத் தேவைப்படாதவை மிச்சமாகின்றன.

அந்த மிச்சங்களைச் சிலர் குப்பையில் போடுவார்கள், சிலர் மைலோ டின்னில் போட்டு வைப்பார்கள். டின் நிறைந்த பிறகுதான் வேடிக்கை தொடங்குகிறது. ஒரு பெட்டியின் அடிப்பாகம், இன்னொன்றின் குழல், மூன்றாவதன் சக்கரம் என்று சேர்த்து, எந்தப் பெட்டியிலும் வராத ஒரு வண்டியைச் செய்யலாம். இந்தக் கலைக்குக் கிட்பேஷிங் என்று பெயர். தமிழில் ஒட்டு வேலை என்று சொன்னால் போதும். உலு யாமிலோ பத்தாங் காலியிலோ இருக்கும் மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. புதுப் பெட்டிக்காகக் கோலாலம்பூர்வரை போக வேண்டியதில்லை. செய்து முடித்த நண்பர்களிடம் மிச்சத்தைக் கேட்டாலே போதும்.

இது பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால், ஆவடியைக் காட்டுங்கள்.

ஆவடியில் நடந்த ஒட்டு வேலை

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவரத் தொடங்கியது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய டாங்கி அது. அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கி, பிரிட்டனின் செஞ்சூரியன் டாங்கியில் இருந்த அதே வகை. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் சீஃப்டெயின் என்ற வேறொரு டாங்கியுடையவை. அதாவது, விஜயந்தாவே பாதி ஒட்டு வேலைதான்.

கதை அதோடு முடியவில்லை. இந்திய இராணுவத்திடம் சோவியத் நாட்டின் எம்-46 என்ற 130 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன. 27 கிலோமீட்டர் தூரம் சுடக்கூடியவை. ஆனால் லாரியில் கட்டி இழுத்துப் போக வேண்டும். இழுத்துப் போய், அவிழ்த்து, கால்களை விரித்து, மண்ணில் ஊன்றி, பிறகுதான் சுட முடியும். சுட்ட இடத்தைப் பகைவர் கண்டுபிடித்துத் திருப்பிச் சுடுவதற்குள் மறுபடி எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில்தான் பீரங்கிக்காரர்களின் உயிர் இருந்தது. தானே நகரும் பீரங்கி ஒன்று தேவைப்பட்டது. பொறியாளர்கள் விஜயந்தாவின் மேல்கோபுரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரஷ்யப் பீரங்கியை ஏற்றினார்கள். 1980களில் அது இராணுவத்துக்கு வந்தது. பெயர் ‘கேட்டபல்ட்’. கவண் என்று பொருள்.

கோபுரத்தை ஏன் கழற்றினார்கள்? பீரங்கியை அதற்குள்ளேயே மாட்டியிருக்கலாமே? எம்-46இன் குழல் 7 மீட்டருக்கும் மேல் நீளம். சுடும்போது குழல் வேகமாகப் பின்னுக்கு வரும். அது வந்து திரும்ப இடம் வேண்டும். குண்டு நிரப்பும் ஆட்கள் நிற்கவும் இடம் வேண்டும். விஜயந்தாவின் கோபுரத்தில் அந்த இடம் இல்லை. ஆகவே திறந்த மேடை அமைத்து, தலைக்குமேல் ஒரு தட்டைக் கூரை மட்டும் போட்டார்கள். இதனால் ஆட்களுக்கு நான்கு பக்கமும் கவசம் இல்லாமல் போனது. பீரங்கியையும் கோபுரம்போல் முழு வட்டம் சுற்ற முடியாது. ஒட்டு வேலையில் ஒன்று கிடைத்தால் இன்னொன்று போகும்.

இப்போது, படிவம் நான்கு இயற்பியல் புத்தகத்தைத் திறங்கள். எம்-46 சுடும் குண்டின் நிறை 33.4 கிலோகிராம். குழலை விட்டுப் புறப்படும் வேகம் விநாடிக்கு 930 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் உந்தம் ஏறத்தாழ 31,000 கிலோகிராம் மீட்டர்/விநாடி. முன்னால் போகும் உந்தத்துக்குச் சமமாகப் பின்னாலும் வேண்டும். பீரங்கி மட்டும் தனியாக இருந்தால் அதன் நிறை சுமார் 7,700 கிலோகிராம். 31,000ஐ 7,700ஆல் வகுத்தால் விநாடிக்கு 4 மீட்டர், மணிக்கு 14 கிலோமீட்டருக்கும் மேல். மண்ணில் ஊன்றாவிட்டால் பீரங்கி ஓடுகிற ஆளின் வேகத்தில் பின்னால் பாயும். அதையே சுமார் 40 டன் வண்டியின்மேல் ஏற்றினால் விநாடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைவு. நாம் நடப்பதைவிட மெதுவானது. வெடிமருந்தின் வாயு சுமக்கும் உந்தத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டு எண்களும் ஒரே விகிதத்தில் கூடும். பழைய டாங்கியின் அடிப்பாகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த கணக்கு புரிகிறதல்லவா? அதன் எடையே அங்கே ஒரு பயன்.

பின்னாளில் விஜயந்தா பழசானதும், ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் அதே பீரங்கியை அர்ஜுன் டாங்கியின் அடிப்பாகத்தில் ஏற்றிப் பார்த்தது. டின்னில் போட்டு வைத்த பாகம் மறுபடி வெளியே வந்த கதைதான்.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. பகாங், பெக்கானில் தயாரான ‘கெம்பித்தா’ எட்டுச் சக்கரக் கவச வண்டியின் வடிவமைப்புக்குத் துருக்கியின் வண்டி ஒன்று அடிப்படை. சில வகைகளின் கோபுரம் தென்னாப்பிரிக்காவுடையது. இயந்திரம் ஜெர்மனியுடையது.

முப்பத்தைந்தில் ஒன்று

மாதிரி டாங்கிகளில் அதிகம் காணப்படும் விகிதம் 1/35. ஏன் 35? 30 அல்லது 40 என்று வைத்திருந்தால் கணக்குப் போட எளிதாக இருந்திருக்குமே! 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம், மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி மாதிரி ஒன்றைச் செய்தது. உள்ளே மின்கலங்களும் மோட்டாரும் அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அசல் டாங்கியில் 35இல் ஒரு பங்கு. அந்த எண்ணே நிலைத்துவிட்டது. உலகம் முழுவதும் பின்பற்றும் ஓர் அளவை நிர்ணயித்தது ஒரு ஜோடி பேட்டரி.

இந்த 35ஐ வைத்து நம் ஊர்ச் சாலையில் ஓடிய ஒரு டாங்கியைச் சுருக்கிப் பார்ப்போம். 1942 ஜனவரி 7, விடியுமுன்னே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியே இறங்கின. இருபுறமும் காடும் ரப்பர் மரங்களும். காலை ஒன்பது மணிக்குள் சிலிம் ரீவர் பாலம் அவர்கள் கையில். எதிரே நின்ற 11வது இந்தியப் படைப்பிரிவில் பஞ்சாபியரும் ஹைதராபாத் படையினரும் கூர்க்காக்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். மலாயாவில் அன்று பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஒரு காலைப் பொழுதில் அந்தப் படைப்பிரிவு சிதறியது, ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். தஞ்சோங் மாலிம், ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் என்று நீங்கள் பேருந்தில் போகும் அதே பாதைதான் அடுத்த நாட்களின் போர்ப் பாதை. ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது.

அந்தப் படையெடுப்பில் வந்தவற்றில் ஒன்று ‘ஹா-கோ’ என்ற இலகு டாங்கி. நீளம் 4.38 மீட்டர், எடை 7.4 டன், மூன்று பேர் உள்ளே. 35ஆல் வகுத்தால் நீளம் 12.5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் வைக்கலாம். அதன் கவசத் தகடு அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். 35ஆல் வகுத்தால் 0.34 மில்லிமீட்டர், வாழ்த்து அட்டையின் தடிமன். ஒரு படைப்பிரிவின் தோல்வியில் பங்கெடுத்த டாங்கியின் கவசம் அவ்வளவுதான். ஐரோப்பாவின் டாங்கிகளோடு மோதினால் நிலைத்திருக்காத வண்டி. எதிரே டாங்கியே இல்லாத சாலையில், இருட்டில், நிற்காமல் ஓடியதால் அது போதுமானதாக இருந்தது.

நீளம் 35 மடங்கு சுருங்கினால் பரப்பு 35 × 35 = 1,225 மடங்கு சுருங்கும். கன அளவு 42,875 மடங்கு சுருங்கும். ஆகவே ஹா-கோவை அதே எஃகில், அதே நுணுக்கத்தோடு சிறிதாகச் செய்தால் எடை 7,400 கிலோகிராமை 42,875ஆல் வகுத்தது: 173 கிராம்தான். எடை 42,875 மடங்கு குறைந்தது. அதைத் தாங்கும் சங்கிலித் தடத்தின் பரப்போ 1,225 மடங்குதான் குறைந்தது. எனவே தரைமேல் விழும் அழுத்தம் 35 மடங்கு குறைவு. மழை பெய்த தோட்டத்துச் செம்மண்ணில் மோட்டார் பொம்மை டாங்கி புதையாமல் ஓடுவதும், அசல் டாங்கி சாலையை விட்டு இறங்கத் தயங்குவதும் இதனால்தான். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இந்தச் சதுர-கன விதியை எலும்புகளை வைத்து விளக்கியிருக்கிறார்.

எது எதோடு ஒட்டும்?

மிச்சப் பாகங்களைச் சேர்க்கும்போது பலருக்கும் வரும் தலைவலி பசை. மாதிரிப் பெட்டிகளின் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்கான பசை, நாம் நினைப்பதுபோல் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு பரப்புகளிலும் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டு. இதைப் பற்றவைத்தல் என்று சொல்வதே சரி.

ஆனால் மினரல் தண்ணீர்ப் போத்தலின் மூடியைச் சக்கரமாக வைக்க ஆசைப்பட்டால் இந்தப் பசை தோற்றுவிடும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன்; அந்தக் கரைப்பானுக்கு அசையாது. எது எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க வீட்டுச் சமையலறையே ஆய்வுக்கூடம். ஒரு கிளாஸில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் 200 மில்லிலிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்டுக் கரையுங்கள். இரண்டிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்க. துண்டை உள்ளே அமுக்கி விடுங்கள். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் மூடி வகை. வெறும் தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ். பாலிஸ்டைரீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.05 கிராம். இரண்டிலும் மூழ்கினால் பிவிசி போன்ற கனமான வகை. காற்று அடைபட்ட உள்ளீடற்ற துண்டுகள் ஏமாற்றும். தட்டையான சிறு துண்டை வெட்டிப் போடுங்கள்.

வேறு வேறு வகைகளைச் சேர்க்கச் சூப்பர் குளூ உண்டு. அது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகும். நம் ஊர் ஈரக்காற்றில் யோசிப்பதற்குள் இறுகிவிடும். விரலை நீட்டும்முன் பாகத்தைச் சரியாக வைத்துப் பாருங்கள்.

பாகங்கள் தொங்கும் சட்டத்தையும் எறிய வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அளவில் இளகும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சட்டத்தைச் சுழற்றிச் சூடாக்கி, வெளியே எடுத்து இழுத்தால் நூலாக நீளும். 3 மில்லிமீட்டர் தடிமன் 0.3 ஆகக் குறைந்தால் குறுக்குப் பரப்பு நூறில் ஒன்று. கன அளவு மாறாது என்பதால் ஒரு சென்டிமீட்டர் சட்டம் ஒரு மீட்டர் கம்பியாகும். டாங்கிக்கு வானொலிக் கம்பி தயார். பசைப் புட்டியை மட்டும் வேறு அறையில் வையுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும். பசை பூசும்போது சன்னலைத் திறந்து வைப்பதும் அந்த ஆவிக்காகத்தான்.

1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களின் மேற்பரப்பில் டாங்கி, கப்பல், விமானப் பெட்டிகளின் பாகங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டப்பட்டிருக்கின்றன. விண்கலத்துக்கு எந்த விகிதமும் இல்லை, எதை ஒட்டினாலும் நம்பலாம். டாங்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. 1/35 உடலில் 1/72 கோபுரத்தை வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

இதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான்: மேல்மூடி. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 1/35இல் 4.9 சென்டிமீட்டர், 1/72இல் 2.4. அட்டையில் 4.9 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மனிதனை, தோள் அகலம் 1.3 சென்டிமீட்டர் வைத்து வெட்டுங்கள். ஆவடியின் கேட்டபல்டைச் செய்யப் போகிறீர்கள் என்றால், குழல் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதன் வாயின் உள்விட்டம் 3.7 மில்லிமீட்டர், இதே அட்டை மனிதன் கூரைக்கடியில் நின்று குண்டு நிரப்ப முடிகிறதா என்றும் பாருங்கள். ஓட்டுநரின் மூடி வழியே அவன் நுழையவில்லை என்றால் அந்தப் பாகம் வேறு விகிதத்துப் பெட்டியிலிருந்து வந்தது. அதைத் திரும்ப டின்னில் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.