கட்டடத்தைச் சுமக்கும் மண்

ஐக்கிய சங்கமொன்று கிட்டங்கி கட்டத் தீர்மானிக்கும்போது, செங்கல், மரம், சிமெண்டு இவற்றின் விலையைப் பற்றி அங்கத்தினர்கள் மகாசபையில் நெடுநேரம் விவாதிப்பது வழக்கம். அக்கட்டடத்தைச் சுமக்கப் போகும் மண்ணைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. சுவரில் உண்டாகும் சிறு குறையைப் பூச்சினால் திருத்தலாம். அஸ்திவாரத்தின் அடியில் உண்டாகும் குறையைத் திருத்தச் சங்கத்தின் பங்குத்தொகை முழுவதும் போதாமற் போகலாம். ஆகையால், மனை வாங்குவதற்கு முன்பே மண்ணைப் பரீட்சித்தல் அவசியமாகும்.

செம்புறாங்கல்லில் உள்ள ஏமாற்றம்

காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டுக் கிராமங்களிலும் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மிகுதி. செம்புறாங்கல் பூமிக்குள் ஈரமாயிருக்கையில் வெட்டுவதற்கு இணங்கும். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். 1807இல் புக்கானன் என்பவர், மலையாள தேசத்து அங்காடிப்புரத்தில் தாம் கண்ட இவ்வகைக் கல்லுக்கு, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு லாட்டரைட் என்று பெயரிட்டார்.

வாணம் தோண்டுகையில் கடப்பாரை இக்கல்லில் தட்டியதும், வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்ள மனம் எழுவது இயல்பே. ஆனால் செம்புறாங்கல் பல இடங்களில் ஓடுபோல் மேலே கடினமாயும், அதன் கீழே பல நிறமுள்ள மெதுவான களியாயும் இருக்கும். மேலோடு தடிப்பாக இருந்தால் கவலையில்லை. மெல்லியதாக இருந்தால் பாரத்தினால் உடைந்து, கட்டடம் களியில் இறங்கக்கூடும். எனவே, கல் தட்டிற்று என்பது சோதனையின் முடிவன்று, தொடக்கமேயாகும்.

தூர்ந்த ஊரணியும் கண்மாய் ஓரமும்

ஊரணியைத் தூர்த்து உண்டாக்கிய மனையும், கண்மாயை ஒட்டிய வண்டல் நிலமும் மலிவாகக் கிடைக்கலாம். மேலே செம்மண் பரப்பியிருந்தால் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. ஊரின் முதியோரைக் கேட்டால் பழைய நீர்நிலை எதுவரை இருந்தது என்பது விளங்கும்.

மணற்பாங்கான நிலம் பாரம் ஏறியவுடனேயே தாழவேண்டிய அளவு தாழ்ந்துவிடும். நீரில் ஊறிய களிமண்ணோ அவ்வாறன்று. அதனுள் அடைபட்ட நீரே முதலில் பாரத்தைத் தாங்குகிறது. அந்நீர் நுண்ணிய துவாரங்களின் வழியே சிறிது சிறிதாக வெளியேற, மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். கட்டி முடித்துப் பல வருஷங்களுக்குப் பின் சுவர் வெடிப்பதற்கு இது ஒரு காரணமாகும். இவ்வுண்மையைக் கணக்குடன் விளக்கி, 1925இல் டெர்ஸாகி என்னும் அறிஞர் வெளியிட்ட நூலே மண் இயலுக்கு அடிப்படையாயிற்று.

கட்டடம் முழுவதும் சமமாகத் தாழ்ந்தால் தீங்கு குறைவு; ஒரு பாதி கெட்டி மண்ணிலும் மறுபாதி தூர்த்த மண்ணிலும் நின்றால் தீங்கு அதிகம். இத்தாலியில் 1173இல் தொடங்கிய பீசா கோபுரம், தென்புறம் அதிகமாகத் தாழ்ந்ததால் சாய்ந்தது. 1990இல் அதை மூடி, பின்னர் வடபுறத்தின் அடிமண்ணைச் சிறிது சிறிதாகத் துளைத்தெடுத்து, சாய்வை ஓரளவு குறைத்து, 2001இல் மீண்டும் திறந்தனர். அத்தகைய சிகிச்சை கிராமச் சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

சோதிக்கும் முறை

1. மனையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சோதனைக் குழி வேண்டும். அஸ்திவாரத்தின் அடியிலிருந்து, அதன் அகலத்தைப் போல் குறைந்தது இருமடங்கு ஆழம்வரை மண்ணை அறிதல் நலம். 4 அடி ஆழத்தில் 3 அடி அகல அஸ்திவாரமாயின், 10 அடி வரை பார்க்கவேண்டும். தளர்ந்த மண்ணில் ஆழக் குழிக்குள் ஆளை இறக்கலாகாது. கைத்துரப்பணத்தால் துளைத்து மண் எடுக்க வேண்டும்.

2. ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டுக. மெல்லிய திரியாகத் திரண்டால் களி மிகுதி; உதிர்ந்தால் மணல் மிகுதி.

3. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களில், உலர்த்திச் சலித்த மண்ணைச் சம அளவாக இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றுக. மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை. 24 மணி நேரத்திற்குப் பின், தண்ணீரிலுள்ள மண் மற்றதைவிடப் பாதியளவிற்கு மேல் உயர்ந்திருந்தால், அது மிகவும் அபாயமான மண். கரிசலில் இதைத் தவறாது செய்தல் வேண்டும்.

4. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் எவ்வளவு மேலே வருகிறது என்பதை அண்டைக் கிணறுகளைப் பார்த்து அறிக.

மண் கெட்டதாயின்

கெட்ட மண்ணில் கட்டவே இயலாது என்று எண்ண வேண்டுவதில்லை. காவிரியின் ஆழ்ந்த மணலில், பெருங்கற்கள் தாழத் தாழ மேலும் கற்களை இட்டு, அவை நிலைத்த பின் கல்லணையை எழுப்பினர். மணலில் அஸ்திவாரம் இடும் விதத்தை அதன் மூலமே கற்றதாக, 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். கரிசல் நிலத்திற்கு, ஈரமும் உலர்ச்சியும் மாறி மாறித் தாக்காத சுமார் 12 அடி ஆழத்தில் அடி விரிந்த கான்கிரீட் தூண்களை ஊன்றும் முறையை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. ஆயினும் இவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டும்; மலிவு மனையின் லாபம் அங்கே மறைந்துபோம்.

ஆகவே, கிரயத் தொகையைக் கொடுக்குமுன் குழிகளைத் தோண்டி, கண்ட மண்ணையும் ஆழத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எஞ்சினீயரின் அபிப்பிராயத்தையும் பெற்றபின் முடிவு செய்வது நிர்வாகிகளின் கடமை. கிட்டங்கியில் அடுக்கப்படும் மூட்டைகள் அங்கத்தினர்களின் ஒரு வருஷத்து உழைப்பு. அவ்வுழைப்பு எந்த மண்ணின்மேல் நிற்கிறது என்பதை அறிய ஐந்து குழிகளின் கூலி பெருஞ்செலவன்று.